குதிரைத் தீவனத்தை ஏன் நனைத்துப் போட வேண்டும்?

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் அறுவடை தை, மாசியில் முடிந்துவிடும். வைக்கோல் படப்பு அடுத்த ஐப்பசி மழை வரை வெட்டவெளியில் நிற்கும். மழைக்குப் பிறகு மேலே காய்ந்தாற்போல் தெரிந்தாலும், உள்ளே கையை விட்டால் கதகதவென்று இருக்கும். அந்த ஈரச் சூட்டில்தான் பூஞ்சை பெருகுகிறது. அப்புறம் காயும்போது கோடிக்கணக்கான வித்துகளைத் தாளிலேயே விட்டுவைக்கிறது.

காலை வெயில் லாயத்துக்குள் சாய்வாக விழும்போது ஒரு கைப்பிடி வைக்கோலை உதறிப் பாருங்கள். கண்ணில் படும் தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலுமே சிக்கிக்கொள்ளும். பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாததற்கு. 5 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய வித்துகள் நுரையீரலின் கடைசிக் கிளை வரை இறங்கிவிடும்.

குதிரைக்கு வாயால் மூச்சுவிட வராது, மூக்கு ஒன்றுதான் வழி. சும்மா நிற்கும்போதே ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய 5 லிட்டர் காற்றை இழுக்கும். நாம் இழுப்பது அரை லிட்டர். லாயத்தில் கட்டிய குதிரைக்கு அந்த மூக்கு நாளில் பாதி நேரம் தீவனத்துக்குள்ளேயே கிடக்கிறது. வித்துகள் படப்படச் சில குதிரைகளுக்கு மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கி, சளி கட்டுகிறது. முதலில் தீனி தின்னும்போது இருமல், பிறகு ஓடினால் இளைப்பு. முற்றிவிட்டால் ஒவ்வொரு மூச்சையும் வெளியே தள்ள வயிற்றை எக்கி எக்கி நிற்கும். பார்க்கவே பாவமாக இருக்கும். குதிரை ஆஸ்துமா என்றே இதற்குப் பெயர்.

தண்ணீர் வித்துகளைக் கொல்வதில்லை. தாளின் மேல் மெல்லிய நீர்ப்படலமாகப் படிந்து அவற்றைப் பறக்கவிடாமல் ஒட்டவைக்கிறது, அவ்வளவுதான். மூச்சில் ஏற வேண்டியது வாய் வழியே வயிற்றுக்குப் போய்விடுகிறது. மேலாகத் தெளித்தால் கட்டுக்குள்ளே உலர்ந்தே இருக்கும். முழுக்க முங்க வைக்க வேண்டும். 10, 15 நிமிடம் போதும். தண்ணீர் வடிந்ததும் போட்டுவிட வேண்டும், காய்ந்தால் தூசி மறுபடி கிளம்பும்.

ராத்திரியே ஊறப்போட்டால் காலையில் வேலை மிச்சம் என்று தோன்றும். இந்த வெக்கையில் அது கூடவே கூடாது. குளிர்நாடுகளில் அதிக நேரம் ஊறவைப்பது வேறு காரணத்துக்கு: அங்குள்ள புல்லில் சர்க்கரை அதிகம், குளம்பு அழற்சி வரக்கூடிய குதிரைக்காக அதைக் கரைத்து எடுக்கிறார்கள். நம் வைக்கோலில் அவ்வளவு சர்க்கரை கிடையாது. இங்கே குளம்புக்கு ஆபத்து பெரும்பாலும் அளவு மீறிப் போடும் தானியத்தால் வரும். நேரம் கூடக்கூட தாது உப்புகளும் கரைந்து போகும், வெதுவெதுப்பான நீரில் பாக்டீரியா மளமளவென்று பெருகும்.

ஊறிய தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்தில் இருக்கும். அதைக் குடிக்கவும் வைக்காதீர்கள், அடுத்த கட்டுக்கும் பயன்படுத்தாதீர்கள், கிணற்றோரம் கொட்டவும் வேண்டாம். கரையோரக் கிணறுகள் பலவற்றில் உப்புத் தண்ணீர்தான், அதில் நனைக்க வேண்டாம். குதிரை எதைக் குடிக்குமோ அதிலேயே நனையுங்கள்.

மக்கிய வாடை அடிக்கும் வைக்கோலை நனைத்துப் பயனில்லை, பூஞ்சையின் நஞ்சு தண்ணீரில் போகாது. தூக்கி எறிவதே சரி. நனைத்ததையும் உயரத் தொங்கவிடாமல் தரையோடு வையுங்கள். தலை குனிந்து தின்றால் சளி தானாக வடியும். பக்கத்துக் குதிரைக்கும் நனைத்தே போடுங்கள். அதன் முன்னால் உலர்ந்த வைக்கோலை உதறினால், அந்தத் தூசி இருமுகிற குதிரையின் மூக்குக்கும்தான் வரும்.