ஃப்ரீசர் எலியும் பாம்பின் வயிறும்

பிரிட்டனில் 2015-இல், வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் உண்டாக்கும் சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவில் புதிதாக ஒரு வகை அடையாளம் காணப்பட்டது. 2021 வாக்கில் அது 850-க்கும் மேற்பட்டவர்களை நோயில் தள்ளியிருந்தது. அவர்களில் குழந்தைகள் பலர். இப்படி ஒரு நோய் பரவினால் சுகாதாரத் துறையினர் முதலில் முட்டையையும் கோழிக்கறியையும்தான் சந்தேகிப்பார்கள். இந்த முறை விசாரணை போய் முடிந்த இடம், வீட்டில் வளர்க்கும் பாம்புகளுக்கு இரையாக விற்கப்படும் உறைந்த சுண்டெலிகள். அமெரிக்காவிலும் 2010-இல் ஒரு முறை, 2014-இல் இன்னொரு முறை, இதே மாதிரி உறைந்த எலிகளால் சால்மொனெல்லா பரவியது.

நோய்வாய்ப்பட்டவர்கள் யாரும் எலியைச் சாப்பிடவில்லை. எலியை இளக வைத்த கிண்ணம், அதைத் தொட்ட கை, அந்தக் கை திறந்த குழாய், அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் நறுக்கிய காய்கறி என்று கிருமி வாய்க்கு வந்து சேர ஏராளமான வழிகள் உண்டு. ஆகவே உறைந்த எலியை எப்படி இளக வைப்பது என்ற கேள்வி பாம்புக்கு மட்டுமானது இல்லை, அந்த வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்துத்தான்.

இந்தியாவில் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நிலைமை வேறு. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ராயல் பைத்தான் என்ற சிறு மலைப்பாம்பும், அமெரிக்காவின் கார்ன் ஸ்நேக்கும் அங்கே சாதாரண வீட்டுப் பிராணிகள். அவற்றுக்கு உயிருள்ள எலியைக் கொடுப்பதைப் பெரும்பாலான கால்நடை மருத்துவர்கள் விரும்புவதில்லை. கூண்டுக்குள் ஓட இடமில்லாத எலி திருப்பிக் கடிக்கும். கண்ணை இழந்த, முதுகுத் தசை கிழிந்த பாம்புகள் உண்டு. எலிக்கும் அது கொடுமையான சாவு. அதனால் வலி குறைவாகக் கொன்று, முழு உடலாக உறைய வைத்து, அளவு வாரியாகப் பொட்டலம் போட்டு விற்கிறார்கள். ரோமம் முளைக்காத குட்டிக்குப் ‘பிங்கி’ என்று பெயர். அதிலிருந்து நன்றாக வளர்ந்த பெரிய எலி வரை பல அளவுகள் கிடைக்கும்.

முழு உடல் என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கடையில் வாங்கும் கோழியில் குடல் இருக்காது. இந்த எலியில் குடலும் அதற்குள் இருப்பதும் அப்படியே இருக்கும். ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் அந்தக் குடலில் உள்ள கிருமிகள் பெருகுவதில்லை, அவ்வளவுதான், எல்லாம் செத்துவிடுவதும் இல்லை. உறைதல் சில ஒட்டுண்ணிப் புழுக்களைக் கொன்றுவிடும். சால்மொனெல்லா போன்ற பாக்டீரியாக்களில் கணிசமானவை மாதக்கணக்கில் காத்திருந்து, சூடு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இப்போது அந்த எலிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். 100 கிராம் எலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். மைனஸ் 18-இலிருந்து பூஜ்யம் வரை அதைக் கொண்டுவர சுமார் 4 கிலோஜூல் வெப்பம் போதும். ஆனால் பூஜ்யத்தை ஒட்டிய அந்த இடத்தில், ஐஸ் தண்ணீராக மாறுவதற்கு மட்டும் 20 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் தேவை என்பதால் வரும் கணக்கு இது. இத்தனை வெப்பம் உள்ளே போகும்போதும் நடுப்பகுதியின் வெப்பநிலை ஏறாது. ஐஸ் தீரும் வரை அது பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். வெளியே கை வைத்தால் மெத்தென்று இருக்கிற எலி உள்ளே இன்னும் கல்லாக இருப்பது இதனால்தான்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஐஸ் வெப்பத்தைக் கடத்தும் வேகம், அசையாத தண்ணீர் கடத்துவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். எலி உறையும்போது வெளிப்புறம் முதலில் ஐஸ் ஆகிறது. அந்த ஐஸ் உள்ளே இருக்கும் சூட்டை வேகமாக வெளியே கடத்துகிறது. இளகும்போது எல்லாம் தலைகீழ். வெளிப்புறம் முதலில் ஈரத் தசையாக மாறி, உள்ளே இருக்கும் ஐஸுக்கு ஒரு போர்வைபோல ஆகிவிடுகிறது. இளக இளக, மிச்சம் இளகுவது மெதுவாகிக்கொண்டே போகும். உறைய எடுத்த நேரத்தைவிட இளக எடுக்கும் நேரம் அதிகமாவதற்குக் காரணம் இதுதான். பருமனும் சேர்ந்து படுத்தும்: உடல் இரண்டு மடங்கு தடிமனானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். சுண்டெலிக்குப் பழகிய கை பெரிய எலிக்கும் அதே நேரத்தை வைத்தால் உள்ளே ஐஸ் மிஞ்சும்.

எலியின் குடல் இருப்பது மெல்லிய வயிற்றுத் தோலுக்கு உடனே கீழே. ஆக, உடலிலேயே கிருமி மிகுந்த பகுதி முதலில் இளகும் பகுதிகளில் ஒன்று. நடு உடல் கடைசியில். மேஜைமேல் எலியை வைத்துவிட்டு வேலைக்குப் போய் மாலையில் திரும்பினால், நடு உடல் இளகியிருக்கலாம். அதற்குள் குடல் பல மணி நேரம் அறைச் சூட்டில் கிடந்திருக்கும். சால்மொனெல்லா 37 டிகிரியில், வசதியான சூழலில், சுமார் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். மூன்று மணி நேரத்தில் ஒன்று 500-க்கு மேல் ஆகிவிடும். அறைச் சூட்டில் வேகம் குறைவு. 5 டிகிரிக்குக் கீழே அநேகமாக நின்றேவிடும். கிருமி மட்டும் இல்லை, எலியின் சொந்தச் செரிமான நொதிகளும் குடல் சுவரைத் தின்னத் தொடங்கும். வயிறு பச்சையாகவோ நீலமாகவோ மாறி, தொட்டால் கொழகொழவென்று இருப்பது அதன் அடையாளம். அப்படிப்பட்ட எலியைத் தயங்காமல் எறிந்துவிட வேண்டும்.

முறையாகச் செய்வது எப்படி என்பதற்கான விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஐஸ் உருகும் நீண்ட வேலையைக் குளிரிலேயே முடித்துவிட வேண்டும். சூடு பண்ணுவது கடைசியில், குறுகிய நேரத்துக்கு மட்டும். எலியைக் கசியாத பையில் போட்டு, மூடியுள்ள டப்பாவுக்குள் வைத்து, 4 டிகிரி அளவில் ஓடும் ஃப்ரிட்ஜில் ஒரு இரவு விடுவது நல்ல வழி. பெரிய எலிக்கு ஒரு நாள் முழுதும் ஆகலாம். வெளிப்புறம் முதலில் இளகினாலும் அது 4 டிகிரியைத் தாண்டாது; கிருமிகளுக்கு வாய்ப்பே வராது. அந்த ஃப்ரிட்ஜ் மனிதர் சாப்பாடு வைக்கும் ஃப்ரிட்ஜாக இல்லாமல் இருப்பது நல்லது. இதற்கென்று ஒரு சின்ன ஃப்ரிட்ஜை வாங்குபவர்களை நான் ஊதாரி என்று சொல்ல மாட்டேன்.

தனி ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் குளிர்ந்த தண்ணீர். காற்றைவிடத் தண்ணீர் வெப்பத்தை இருபது மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். அதனால் 20 டிகிரி அறையில் மேஜைமேல் கிடப்பதைவிட 15 டிகிரித் தண்ணீரில் எலி வேகமாக இளகும். பையிலிருந்து காற்றை வெளியேற்றி அழுத்தி மூடினால்தான் இந்தப் பலன் முழுதாகக் கிடைக்கும், இல்லாவிட்டால் காற்றே தடையாகிவிடும். ஐஸ் உருகும்போது சுற்றியுள்ள தண்ணீரும் குளிர்ந்துவிடுவதால், அரை மணிக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். சுண்டெலிக்கு ஒரு மணி நேரம் அளவில் போதும். பையே இல்லாமல் நேரடியாகத் தண்ணீரில் போடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் வாளி முழுக்கக் கிருமித் தண்ணீர், எலியின் வாசனையும் கழுவிப் போய்விடும்.

அவசரத்தில் கொதிநீரை ஊற்றினால் என்ன ஆகும்? மேல் தோலும் வயிற்றுத் தசையும் வெந்துபோகும், நடுவில் ஐஸ் அப்படியே இருக்கும். வெந்த வயிறு பாம்பு கவ்வும்போது கிழிந்து, குடல் கூண்டில் சிந்தும்.

மைக்ரோவேவ் அதைவிட மோசம், அதற்கான காரணமும் சுவையானது. மைக்ரோவேவ் அலைகள் தண்ணீர் மூலக்கூறுகளை இப்படியும் அப்படியும் திருப்ப முயன்று, அந்த அசைவில் சூட்டை உண்டாக்குகின்றன. ஐஸில் மூலக்கூறுகள் படிகத்துக்குள் இறுகி நிற்பதால் திரும்ப முடியாது. ஐஸ் அந்த அலைகளை மிக மிகக் குறைவாகவே உள்வாங்கும். எலியின் ஏதோ ஒரு மூலை முதலில் இளகியதும், அந்த மூலை மட்டும் அலைகளை வாரி இழுத்துக்கொள்ளும். சூடாகும், பக்கத்தை இளக்கும், இன்னும் இழுக்கும். சில நிமிடங்களில் ஒரே உடலில் கொதிக்கிற இடமும் உறைந்த இடமும் அருகருகே இருக்கும். குடலில் நீராவி அடைபட்டு வயிறு வெடிப்பதும் உண்டு. வெளியே தெரியாத அந்தச் சூடான புள்ளிகள் பாம்பின் உணவுக்குழாயைச் சுட்டுவிடக்கூடும். இதெல்லாம் போக, அது வீட்டுக்காரர்கள் சாப்பாடு சூடு பண்ணும் அடுப்பு.

சரி, முழுதும் இளகிவிட்டது. குளிர்ந்த எலியை அப்படியே கொடுக்கலாமா? பல கார்ன் ஸ்நேக்குகள் வாசனையை வைத்தே வாங்கிக்கொள்ளும். ராயல் பைத்தான் திரும்பியும் பார்க்காமல் இருக்கலாம். அதன் உதடுகளின் ஓரத்தில் வரிசையாகக் குழிகள் உண்டு; உயிரினங்கள் வீசும் அகச்சிவப்புக் கதிர்களை உணரும் உறுப்புகள் அவை. சுற்றுப்புறத்தைவிடச் சூடான பொருள் எதிரே இருந்தால் அந்தக் குழிகளின் நரம்புகள் விழித்துக்கொள்ளும். 2010-இல் கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வகம், இந்த நரம்புகளில் வெப்பத்தை உணரும் புரதத்தைக் கண்டுபிடித்தது. ‘டிஆர்பிஏ1’ என்பது அதன் பெயர். நாம் கடுகையோ வசாபியையோ கடித்தால் மூக்கில் ஏறும் அந்த நெடியை உணர்வதும் இதே புரதத்தின் உறவுதான். மலைப்பாம்பில் அது விழித்துக்கொள்வது 30 டிகிரியைக் கொஞ்சம் தாண்டிய பிறகு. குளிர்ந்த எலி அந்தக் குழிகளுக்கு இரையாகவே தெரியாது.

அதனால் கடைசி வேலை: பையோடு 40 டிகிரி அளவுள்ள வெதுவெதுப்பான தண்ணீரில் பதினைந்து இருபது நிமிடம், பெரிய எலிக்குக் கொஞ்சம் கூட. தோல் 37, 38 டிகிரிக்கு வந்ததும் எடுத்துத் துடைத்து, நீளமான இடுக்கியால் பிடித்துக் காட்டலாம். பலர் தூரத்திலிருந்தே சூடு காட்டும் அகச்சிவப்பு வெப்பமானியை நம்புகிறார்கள். அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும். பாம்பின் குழிகளும் அப்படித்தான்: வெளியே 38, உள்ளே ஐஸ் என்றாலும் பாம்பு பாய்ந்து விழுங்கிவிடும். உள்ளே பார்க்க விரல்தான் கருவி. கையுறை போட்டுக்கொண்டு வயிற்றையும் மார்பையும் தொடையையும் அழுத்திப் பார்க்க வேண்டும். எங்கேயாவது கட்டியாகவோ சில்லென்றோ தட்டுப்பட்டால் மறுபடி தண்ணீருக்கு.

இவ்வளவு கவலை ஏன் என்றால், பாம்பிடம் சூட்டுக்குச் சேமிப்பு கிடையாது. ஒன்றரைக் கிலோ பாம்பின் வயிற்றில் 20 கிராம் ஐஸ் மிஞ்சியிருந்தால், அதை உருக்க மட்டும் போகும் வெப்பம் அதன் உடல் முழுவதையும் சராசரியாக 1 டிகிரிக்கு மேல் குளிர வைக்கப் போதுமானது. இரைப்பைக்குப் பக்கத்தில் குளிர்ச்சி இன்னும் கடுமையாக இருக்கும். செரிமானம் நடக்க 30 டிகிரி அளவு வேண்டிய உயிர் அது.

அதோடு, பசித்த மலைப்பாம்பின் இரைப்பையில் அமிலமே இல்லை. பர்மிய மலைப்பாம்புகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஸ்டீபன் செகார் இதை விரிவாக அளந்திருக்கிறார்: பட்டினியின்போது இரைப்பையின் பிஎச் மதிப்பு (7 என்றால் நடுநிலை, குறையக் குறைய அமிலம் அதிகம்) 7.5 அளவில், கிட்டத்தட்ட நடுநிலையில் இருக்கும். இரை உள்ளே போன பிறகே அமிலம் சுரக்கத் தொடங்கி, ஏறத்தாழ ஒரு நாளில் 2 அளவுக்கு இறங்கும். குடலும் கல்லீரலும் பருக்கும். இதயம்கூட இரண்டு நாளில் 40 சதவீதம் வளர்வதை 2005-இல் அளந்தார்கள். மனிதர் வயிற்றில் கிருமிகளை உடனே எதிர்கொள்ளும் அமிலம், இங்கே வர மணிக்கணக்கில் ஆகிறது. அந்த இடைவெளியில், சூடான ஈரமான இரைப்பையில், எலியின் குடல் பாக்டீரியாக்கள் பெருக இடம் உண்டு. நன்றாக இளகிய, கிருமி பெருகாத எலி என்றால் அமிலம் முந்திக்கொள்ளும். அழுக ஆரம்பித்த எலி என்றாலோ, ஐஸ் மிஞ்சிய எலி என்றாலோ வயிற்றில் வாயு சேரும், பாம்பு ஊதும், இரண்டு மூன்று நாளில் பாதி அழுகியதைக் கக்கிவிடும்.

பாம்பு தொடாமல் விட்ட எலியைத் திரும்ப ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. முதல் உறைதலிலேயே ஐஸ் படிகங்கள் செல்களைக் கிழித்திருக்கும். கசிந்த நீர் கிருமிக்கு விருந்து, சூடேற்றியபோது பெருகியவை அத்தனையும் அடுத்த முறைக்குச் சேமிப்பில் இருக்கும். ஓரிரு மணி நேரம் பார்த்துவிட்டு, இரண்டு பைகளில் கட்டி வெளிக் குப்பையில் போட வேண்டும். இளக வைத்த தண்ணீர் கழிப்பறைக்குப் போகட்டும், சமையல் தொட்டிக்கு வேண்டாம். வாளியும் இடுக்கியும் இந்த வேலைக்கு மட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது கையுறை போட்டவருக்கும் உண்டு. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை இந்த வேலையிலிருந்து முழுதாக விலக்கி வைக்கச் சொல்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்.

கக்கிய பாம்புக்குப் பசிக்குமே என்று மறுநாளே இன்னொரு எலியைக் கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கக்கலோடு அமிலமும் மேலே வந்து உணவுக்குழாயைப் புண்ணாக்கியிருக்கும். தண்ணீர் மட்டும் வைத்து, கூண்டில் பாம்புக்காகச் சூடாக வைத்திருக்கும் மூலை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பத்துப் பதினைந்து நாள் விட்டுவிட்டு, வழக்கத்தில் பாதி அளவுள்ள எலியில் தொடங்குவது நல்லது. அதையும் கக்கினால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.