ஆன்டிபாடி குறையவில்லை, நோய் அடங்கியது

"மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்தவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தைப் போய்க் கொடுக்கிறார்களே, ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எதிர்ப்புச் சக்தி கூடக் கூட நல்லது என்றுதானே எல்லா விளம்பரமும் சொல்கிறது! அந்த எதிர்ப்புச் சக்தியே ஆள் மாறித் தாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நோய்தான் சாட்சி.

நரம்பிழைகளைச் சுற்றி, மின்கம்பியின் மேலுறை மாதிரி, மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. நம் வெள்ளையணுக்களே அதைத் தாக்கிச் சிதைக்கின்றன. சிக்னல் தடுமாறுகிறது, பார்வை மங்குகிறது, கை கால் மரத்துப்போகிறது, நடை தள்ளாடுகிறது. 1868-லேயே பிரான்ஸின் ஷார்கோ இந்த நோயை விரிவாக விவரித்துவிட்டார். தாக்குவது எந்த வெள்ளையணு என்பதில்தான் பல காலம் இழுபறி.

எலிகளில் இதைப் போன்ற ஒரு நோயை உண்டாக்கிப் பார்த்தவர்கள் டி செல்கள் என்ற வெள்ளையணு வகையைக் கைகாட்டினார்கள். நோயுற்ற ஒரு எலியின் டி செல்லை இன்னொரு எலிக்கு ஏற்றினாலே நோய் வந்துவிடும். இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும் என்று ஆய்வுலகம் அங்கேயே நின்றுவிட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஹௌசருக்கு மட்டும் அது போதவில்லை. மார்மோசெட் என்ற சிறு குரங்குகளில் நோயை உண்டாக்கியபோது, மனித மூளையில் காண்பதைப் போன்ற சிதைவு தெரிந்தது. அதில் ஆன்டிபாடிகளுக்கும் பங்கு இருந்தது. ஆன்டிபாடி என்பது கிருமிகளைப் பிடிக்க உடல் சுரக்கும் புரதம்; அது பி செல் என்ற இன்னொரு வெள்ளையணுவின் வம்சம். அப்படியானால் பி செல்களை அழித்துப் பார்க்கலாமே என்று அவர் குழு நிதி கேட்டது. உயிரியல்படி நம்பத்தகாத யோசனை என்று அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் கைவிரித்தது. எனக்கு இது மனசு ஆறாத விஷயம். எலியில் தெரிந்ததை வைத்து மனிதருக்கான சோதனையை மறுத்துவிட்டால், எலி தவறாகக் காட்டியதை எப்போதுதான் கண்டுபிடிப்பது?

கடைசியில் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆதரவோடு 104 பேரிடம் சிறிய சோதனை நடந்தது. ரிடுக்ஸிமாப் என்ற பழைய புற்றுநோய் மருந்து, இரண்டே தவணை. மூளையில் அழற்சி நடக்கும் இடத்தில் இரத்தக்குழாய்ச் சுவர் கசியும். படத்தில் பளிச்சென்று தெரியும் கடோலினியம் மருந்தை ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தால் அந்த இடம் வெள்ளையாக ஒளிரும். மருந்து பெற்றவர்களிடம் அந்தப் புள்ளிகள் 91 சதவீதம் குறைவு! 2008-இல் முடிவு வெளியானது.

இனிதான் எனக்கு மிகப் பிடித்த இடம். மருந்து சிடி20 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் புரதத்தைச் சுமக்கும் செல் அழியும். பி செல்லின் மேற்பரப்பில் அது இருக்கிறது. ஆனால் பி செல் முதிர்ந்து, ஆன்டிபாடியைச் சுரந்து தள்ளும் பிளாஸ்மா செல்லாக மாறும்போது சிடி20-ஐக் கழற்றிவிடுகிறது. ஆக, சுரக்கும் செல்கள் தப்பிவிட்டன. இரத்தத்தில் ஆன்டிபாடி அளவு பெரிதாக இறங்கவே இல்லை. புள்ளிகளோ சில மாதங்களிலேயே மறைந்தன. ஆன்டிபாடிதான் குற்றவாளி என்றால் இது எப்படி நடக்கும்?

பி செல்லுக்கு இன்னொரு வேலை உண்டு. தனக்குப் பொருந்தும் புரதத்தைப் பிடித்து உள்ளே இழுக்கும், நறுக்கும், ஒரு துண்டை வெளியே ஏந்தி டி செல்லிடம் காட்டும். காட்டுவதோடு, அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன் என்ற புரதங்களையும் சுரந்து உசுப்பிவிடும். தாக்கப் போவது டி செல்தான், அதில் எலி பொய் சொல்லவில்லை. ஏவிவிடும் பி செல் போனதும் டி செல் அடங்கிவிட்டது.

பி செல்களைப் பிறப்பிக்கும் எலும்பு மஜ்ஜையின் தாய்ச் செல்களிலும் சிடி20 கிடையாது. அதனால் பி செல்கள் மெல்லத் திரும்பி வரும். 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, இதே சிடி20-ஐப் பிடிக்கும் ஓக்ரெலிசுமாப் மருந்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுவது அதனால்தான். பிளாஸ்மா செல்கள் மிஞ்சுவதால் பழைய தடுப்பூசிகளின் பாதுகாப்பும் பெரும்பாலும் மிஞ்சுகிறது. புதிய தடுப்பூசிகள் சரியாக வேலை செய்யாது, தொற்று வரும் வாய்ப்பும் கூடும். அப்புறம், ஏற்கனவே அறுந்த நரம்பிழையை இந்த மருந்து ஒட்டவைக்காது.

பி செல்லை முதலில் கெடுத்தது யார்? ஹார்வர்டின் ஆல்பெர்டோ அஷெரியோ குழு, ஒரு கோடிக்கும் அதிகமான அமெரிக்கப் படைவீரர்களின் தரவை அலசி 2022-இல் பதில் சொன்னது: எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு இந்த நோய்க்கான வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது. அந்த வைரஸ் ஆயுள் முழுக்கப் பதுங்கிக் கிடப்பது பி செல்லுக்குள்தான். பெரியவர்களில் ஏறக்குறைய எல்லோரிடமும் அது இருந்தும் மிகச் சிலருக்கே ஏன் நோய் வருகிறது என்பதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.