திசைகாட்டி கையில் இருந்தும் வழி தவறுவது ஏன்?

கைப்பேசியின் நீலப் புள்ளியைப் பார்த்தே நடந்து பழகியவர்கள்தான் இப்போது நிலவழிப் பயிற்சிக்கு, அதாவது வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு வழி காணும் பயிற்சிக்கு, வருகிறார்கள். ஆனால் போர்க்களத்தில் செயற்கைக்கோள் சமிக்ஞையை முடக்கலாம். பொய்யான இடத்தைக் காட்டும்படி ஏமாற்றவும் செய்யலாம். பேட்டரி தீர்ந்துபோனால் அதற்கு எதிரிகூட வேண்டாம். படைகள் இன்றும் காகித வரைபடத்தையும் திசைகாட்டியையும் விடாமல் கற்பிப்பது இதனால்தான். மலையேறுகிறவர்களும் வனத்தில் பணிபுரிகிறவர்களும் இதைக் கட்டாயம் கற்க வேண்டும் என்பேன்.

பயிற்சியில் நான் பார்த்தவரை, திசைகாட்டியைப் படிக்கத் தெரியாமல் வழி தவறியவர்கள் குறைவு. ஒருமுறை படித்த எண்ணை நம்பி, வழியில் எதையும் சரிபார்க்காமல் நடந்து தவறியவர்களே அதிகம்.

முதல் தவறு பெரும்பாலும் வடக்கிலேயே நேர்கிறது. வரைபடத்தின் கட்டக்கோடுகள் காட்டும் வடக்கு வேறு, புவியின் துருவம் இருக்கும் உண்மை வடக்கு வேறு, முள் காட்டும் காந்த வடக்கு வேறு. வரைபடத்தில் நீங்கள் அளக்கும் கோணம் கட்டக்கோட்டிலிருந்து. கையில் பிடித்து நடப்பதோ காந்த வடக்கிலிருந்து. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வரைபடத்தின் ஓரத்தில் அச்சாகியிருக்கும். காந்த வடக்கு 8 பாகை மேற்கே விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் 72 பாகை அளந்தால் திசைகாட்டியில் 80 வைக்க வேண்டும். கூட்ட வேண்டிய இடத்தில் கழித்து 64 வைத்தால், 3 கிலோமீட்டர் நடந்த பிறகு இலக்கிலிருந்து 800 மீட்டருக்கும் அப்பால் நிற்பீர்கள். விலக்கம் கிழக்கே என்றால் கணக்கு தலைகீழ். பழைய வரைபடமானால் ஆண்டுக்கு எவ்வளவு மாறுகிறது என்ற குறிப்பையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். காந்தத் துருவம் ஓரிடத்தில் நிற்பதில்லை. 1831இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அதைக் கண்டது கனடாவின் வடகோடியில், இன்று அது சைபீரியாவை நோக்கி வெகுதூரம் நகர்ந்துவிட்டது.

அடுத்தது இரும்பு. துப்பாக்கியிலிருந்து அரை மீட்டராவது தள்ளி, வாகனத்திலிருந்து 18 மீட்டர் விலகி, உயர் அழுத்த மின்கம்பிகளிலிருந்து 55 மீட்டர் விலகித் திசைகாட்டியைப் படிக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தரைப்படையின் கையேடு சொல்லும் அளவு. சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியும் முள்ளை இழுக்கும்.

திசை தெரிந்தால் பாதிதான் தெரிந்தது. எவ்வளவு தூரம் வந்தோம் என்பதும் தெரிய வேண்டும். சமதரையில் 100 மீட்டருக்கு உங்கள் இடது கால் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பலருக்கு அது அறுபதை ஒட்டி வரும். ஏற்றத்திலும் இருட்டிலும் சுமையோடும் அடி குறுகும், எண்ணிக்கை கூடும். அதையும் முன்கூட்டியே அளந்து பாருங்கள்.

இனி நான் மிகவும் அஞ்சும் தவறு: நிலத்தை வரைபடத்துக்குப் பொருத்திக்கொள்வது. 900 மீட்டரில் ஓடை வர வேண்டும். 500 மீட்டரிலேயே ஓர் ஓடை குறுக்கிடுகிறது. "வேகமாக வந்துவிட்டோம் போலிருக்கிறது" என்று யாராவது சொல்வார், எல்லோரும் நிம்மதியாகத் தலையாட்டுவார்கள். களைத்த மனத்துக்கு எதுவும் பொருந்திவிடும். அங்கே அரை நிமிடம் நில்லுங்கள். ஓடை எந்தப் பக்கம் பாய்கிறது? அதன் போக்கைத் திசைகாட்டியால் அளந்து, வடக்கைத் திருத்திக்கொண்டு பார்த்தால், வரைபடத்தின் நீலக்கோட்டோடு ஒத்துப்போகிறதா? எதிர்க்கரை சரிவா, தட்டையா? வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் மெல்லிய சரிவு. மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அது உங்கள் ஓடை அல்ல.

ஆற்றுப் பாலத்துக்குப் போக வேண்டுமானால் பாலத்தைக் குறிவைக்காதீர்கள் என்று சொன்னால் புதியவர்கள் விழிப்பார்கள். நேராகக் குறிவைத்து ஆற்றை அடைந்து, பாலம் தெரியாவிட்டால் அது இடப்பக்கமா வலப்பக்கமா என்று எப்படி அறிவது? வேண்டுமென்றே சில பாகை இடப்புறம் தள்ளி நடந்தால், ஆற்றை அடைந்ததும் வலப்புறம் திரும்பினால் போதும். இராணுவ நடையில் இதைவிட அழகான உத்தியை நான் அறியேன்.

இவ்வளவுக்குப் பிறகும் இடம் குழம்பினால் நடையை நிறுத்துங்கள். அடையாளம் உறுதியாகத் தெரியும் சிகரம் ஒன்றைத் தேடுங்கள். திசைகாட்டி 310 காட்டினால், 8 பாகை மேற்கு விலக்கத்தைக் கழித்து 302. எதிர்த்திசைக்கு மேலும் 180 கழித்து 122. வரைபடத்தில் சிகரத்திலிருந்து அந்தக் கோணத்தில் கோடு இழுங்கள். இரண்டாவது சிகரத்திலிருந்தும் அப்படியே இழுத்தால், கோடுகள் வெட்டுமிடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். மூன்றாவது சிகரம் கிடைத்தால் விடை சரியா என்றும் தெரிந்துவிடும். ஒரு பாதையின் மேல் நிற்பது உறுதியானால் ஒரே சிகரம் போதும். கோடு பாதையை வெட்டும் புள்ளிதான் உங்கள் இடம்.