அண்ணன்மாருக்கு வந்தது தங்கச்சிக்கும் வருமோ?

புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை மாதாமாதம் எங்கள் கிளினிக்குக்கு வருவா. கையில் ஒரு சொப்பிங் பை, அதற்குள் இரண்டு அண்ணன்மாருடைய கிளினிக் கொப்பிகள். மூத்தவருக்கு ஊசி, இளையவருக்குக் குளிசை. இருவருக்கும் உளப்பிளவை நோய், அதாவது சிசோபிரினியா: இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் என்று வருகிற மனநோய். (ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) போன மாதம் குளிசையை வாங்கிய பிறகும் அவ எழும்பவில்லை.

"டொக்டர், எனக்குப் பேசின கலியாணம் குழம்பிட்டுது. எனக்கும் வருமோ?"

"அது ஆம்பிளையளுக்கு வாற வருத்தம்" என்பது தாயாரின் கணக்கு. "குடும்ப வருத்தம், எல்லாருக்கும் வரும்" என்பது மாப்பிள்ளை வீட்டாரின் கணக்கு. இரண்டும் பிழை.

அமெரிக்காவில் கொலராடோவின் கல்வின் குடும்பத்தில் 12 பிள்ளைகள். 10 ஆண்களில் 6 பேருக்கு இந்த நோய் வந்தது, பெண்கள் இருவருக்கும் வரவில்லை. அதை மட்டும் பார்த்தால் தாயார் சொல்வது சரிபோலத்தான் இருக்கும். ஆனால் 1930இல் மிச்சிகனில் ஒரே பிரசவத்தில் பிறந்த நான்கு சகோதரிகளுக்கும் இதே நோய் வந்தது. இதற்கு ஒற்றை மரபணு இல்லை. 2022இல் வெளியான பெரிய ஆய்வு மரபணுத் தொகுதியில் இந்த நோயோடு தொடர்புள்ள 287 இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் சிறிது.

ஆண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வருவது உண்மை. ஆனால் பெரிய வித்தியாசம் வயதில்தான். பெடியளுக்குப் பெரும்பாலும் பதின்வயதின் முடிவிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதிக்குள் தொடங்கும். பெண்களுக்குச் சில வருடம் பிந்தும். மாதவிடாய் நிற்கிற காலத்தில் இன்னொரு சிறு ஏற்றமும் உண்டு. ஈஸ்திரஜன் என்கிற பெண் ஹோர்மோன் குறைவது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. 49 வயது அம்மா ஒருவர், அயலார் நஞ்சு கலக்கிறார்கள் என்று கிணற்றைத் தறப்பாளால் மூடிக் கட்டியிருந்தார். "இந்த வயசில பெண்டுகளுக்கு வாற குழப்பம்தானே" என்று வீட்டார் ஒரு வருடம் நூல் கட்டித் திரிந்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார்கள்.

பொதுவாக இந்த நோய் வாழ்நாளில் 100 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வரும். கூடப்பிறந்த ஒருவருக்கு இருந்தால் ஏறத்தாழ 9 பேருக்கு. இருவருக்கு இருந்தால் இன்னும் கூடும். ஆனாலும் வராமல் போவதற்கான வாய்ப்பே அதிகம். அச்சில் வார்த்த இரட்டையரில்கூட ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வருவது ஏறத்தாழ பாதிக்குப் பாதிதான். இந்தப் பிள்ளைக்கு நாளைக்குப் பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றியும் மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களாம். மாமன் ஒருவருக்கு இருந்தால் 100இல் 4 அளவில் என்றேன். எழுதித் தரச் சொன்னா. எழுதிக் கொடுத்தேன், தரகர் வாசிப்பாரோ தெரியாது.

எனக்குக் கவலை அவவின் 17 வயதுத் தம்பியைப் பற்றித்தான். பள்ளிக்கூடம் போகிறானில்லை, இரவில் நித்திரையில்லை, அறைக்குள்ளேயே கிடக்கிறான், குளிப்பதில்லை. கஞ்சாவும் பழகியிருக்கிறானாம். மரபில் வாய்ப்புள்ள பிள்ளைக்குக் கஞ்சா இந்த நோயை நேரத்தோடு கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். அவனைப் பற்றி வீட்டில் ஒருவரும் இன்னும் கேட்கவில்லை. அடுத்த கிளினிக்குக்கு, கொப்பி இல்லாவிட்டாலும், அவனையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.