எதிரணியாக இழுத்த கயிறு

1954 கோடை. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற காட்டுப் பூங்காவில் ஒரு சிறுவர் முகாம். சாப்பாடு வாங்கிவரப் போக வேண்டிய லாரி கிளம்பவில்லை. பையன்களுக்குக் கயிறு நினைவுக்கு வந்தது. சில நாள் முன்பு இரு அணியாக நின்று, ஒருவரையொருவர் சாய்க்கப் பார்த்த அதே கயிறு. லாரியில் கட்டி எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். லாரி கிளம்பிவிட்டது.

உண்மையில் லாரியில் எந்தக் கோளாறும் இல்லை. முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளரின் ஏற்பாடு அது. துருக்கியில் பிறந்த அவர், இனப் பகையின் கொடூரத்தைச் சிறுவயதிலேயே கண்ணால் பார்த்தவர். பகை எப்படி முளைக்கிறது, எப்படி வாடுகிறது என்று பார்க்க 11, 12 வயதுப் பையன்கள் 22 பேரை முகாமுக்கு அழைத்துவந்திருந்தார். ஒரே மாதிரிக் குடும்பங்கள். எல்லோரும் நல்ல பிள்ளைகள். முன்பின் அறிமுகம் இல்லை. இரண்டு குழுக்களுக்கும் ராட்லர்ஸ், ஈகிள்ஸ் என்று பெயர்.

முதல் வாரம் இரு குழுவும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. அப்புறம் பேஸ்பால், கயிறு இழுத்தல் என்று போட்டிகள் வந்தன. ஜெயிக்கும் அணிக்கு மட்டும் கத்தியும் பதக்கமும். அவ்வளவுதான், கொடியை எரித்தார்கள், குடிசைக்குள் புகுந்து சூறையாடினார்கள். பரிசு ஒன்றே ஒன்று என்றால் அவன் வெற்றி என் தோல்வி. அங்கிருந்து ‘அவர்கள் ஏமாற்றுக்காரர்கள்’ என்று நினைக்க அதிக தூரமில்லை. குணம் கெட்டுப்போய்ச் சண்டை வரவில்லை. ஆட்டத்தின் அமைப்பே சண்டையைக் கொண்டுவந்தது. இதை ஒரு சின்னச் சோதனையும் காட்டியது. தரையில் சிதறிக் கிடந்த பீன்ஸ் விதைகளைப் பொறுக்கும் போட்டி அது. ஒவ்வொருவன் சேர்த்ததையும் திரையில் காட்டி எத்தனை என்று கேட்டார்கள். தன் அணிக்காரனுடையது என்றால் கூட்டிச் சொன்னார்கள், எதிரணியுடையது என்றால் குறைத்தார்கள். ஒவ்வொரு முறையும் காட்டியது அதே 35 விதைகளைத்தான்!

பெரியவர்கள் நாம் வழக்கமாக என்ன செய்வோம்? ‘காய்’ விட்ட பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ‘பழம்’ விடச் சொல்வோம். ஷெரிஃபும் அப்படிச் செய்து பார்த்தார். ஒன்றாகச் சாப்பிடவைத்தார், படம் காட்டினார். சாப்பாட்டை அள்ளி ஒருவர்மேல் ஒருவர் வீசியதுதான் மிச்சம். சண்டை போட இன்னொரு இடம் கிடைத்தது, அவ்வளவே.

பிறகுதான் வழியை மாற்றினார். முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றது. இரு அணியும் சேர்ந்து தேடி, தொட்டிக் குழாயின் அடைப்பை எடுத்தார்கள். பிடித்த படத்தை வரவழைக்க இரு அணியும் பணம் போட்டன. அப்புறம் அந்த லாரி. இருவருக்கும் வேண்டும், தனியாக ஒருவராலும் முடியாது: அப்படிப்பட்ட வேலைகள். ஒரே நாளில் பகை போய்விடவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தண்ணீர் வந்த பிறகும் சாப்பாட்டு நேரத்தில் சண்டை நடந்தது. ஒரு வேலைக்குமேல் இன்னொரு வேலை என்று சேரச்சேரத்தான் ‘அவர்கள்’ மெல்ல ‘நாங்கள்’ ஆனார்கள். ராட்லர்ஸ் சொன்ன நண்பர்களில் எதிரணிப் பையன்கள் முன்பு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கடைசியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

பிள்ளைகளுக்குத் தெரியாமல் அவர்களை மோதவிட்டது சரியில்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் அதில் தெரிந்தது வகுப்பறைக்கு உதவியது. 1971-இல் டெக்சாஸின் ஆஸ்டினில், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் புதிதாக ஒன்றாகப் படிக்க வந்து மோதிக்கொண்டபோது, எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் பாடத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். பக்கத்துப் பிள்ளை சொல்லித் தந்தால்தான் முழுப் பாடமும் கிடைக்கும்.

முகாம் முடிந்ததும் பையன்கள் ஒரே பேருந்தில்தான் போவோம் என்றார்கள். வழியில் ஒரு கடையில் நின்றது வண்டி. விதைப் போட்டியில் ஜெயித்த 5 டாலர் ராட்லர்ஸிடம் மிச்சம் இருந்தது. அதில் ஈகிள்ஸுக்கும் சேர்த்து எல்லோருக்கும் மால்ட் மாவு கலந்த பால் வாங்கினார்கள்.