பதில் சொல்லாத சர்வரும் வெளுத்துப்போன மெயில் திரையும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் பழைய கம்ப்யூட்டரில் அவுட்லுக்கோ தண்டர்பேர்டோ ஏதாவதொரு மெயில் ப்ரோகிராம் வைத்திருக்கும் பெரியவர்கள் பலரிடம், அந்தக் காலத்து இணைப்போடு சேர்த்துக் கொடுத்த மின்னஞ்சல் முகவரி ஒன்று இன்னும் இருக்கும். செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்துவிட்டது, இணைப்பு தரும் நிறுவனமும் மாறிவிட்டது, ஆனால் ப்ரோகிராமுக்குள் அந்தக் கணக்கு மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஒருநாள் மெயிலைத் திறந்தால் திரை வெளுத்து நிற்கும். உடனே கடலடி கேபிள் அறுந்துவிட்டது என்று பேச்சு கிளம்பும். கேபிள் போனால் பிரவுசரும்தான் தடுமாற வேண்டும். அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க மெயில் மட்டும் நின்றால், கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்தான்.

ப்ரோகிராம் திறந்ததும் ஒவ்வொரு கணக்குக்கும் மெயிலைத் தரும் சர்வரின் பெயரைச் சொல்லி, அதன் எண் முகவரியை டிஎன்எஸ் என்ற இணையப் பெயர்ப் பட்டியலிடம் கேட்கிறது, கிடைத்த அந்த ஐபி முகவரியில் ஐமேப் (மெயிலை சர்வரிலேயே வைத்திருக்கும் முறை) என்றால் 993, பாப் (மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் முறை) என்றால் 995 போர்ட்டை, அதாவது அந்த எண்ணுள்ள வாசலைத் தட்டுகிறது. அப்படி ஒரு பெயரே இல்லை என்று டிஎன்எஸ் சொன்னால் வேலை நொடியில் முடிந்தது. சர்வர் இருந்து போர்ட் மூடியிருந்தாலும் மறுப்பு உடனே வந்துவிடும். தொல்லை மூன்றாவது வகையில்: பெயர் பதிவில் இருக்கிறது, ஆனால் இயந்திரத்தை அணைத்துவிட்டார்கள், அல்லது ஃபயர்வால் என்ற காவல் அமைப்பு, வரும் பாக்கெட்டை, அதாவது நம் தட்டலை, சத்தமில்லாமல் விழுங்குகிறது. 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்றால் போனை வைத்துவிடுவோம், மணி அடித்துக்கொண்டே இருந்தால் காதில் வைத்தபடி நிற்போமே, அதே கதை. பதில் வராததால் 1, 2, 4, 8 விநாடி என்று இடைவெளியை இரட்டித்து மறுபடி மறுபடி தட்டும். லினக்ஸ் இயங்குதளத்தில் பல ஆண்டுகளாக இருந்த இயல்பு அமைப்பில் இது மொத்தம் 127 விநாடி வரை இழுக்கும்.

காத்திருப்பதில் தப்பில்லை, எங்கே காத்திருக்கிறது என்பதுதான் விஷயம். நன்றாக எழுதிய ப்ரோகிராம் அதைப் பின்னணியில் தள்ளிவிடும், சில பழைய பதிப்புகளோ திரையை வரைகிற அதே வேலை வரிசையிலேயே நின்றுவிடும். ஒரு சாளரம் 5 விநாடி அசையாவிட்டால் விண்டோஸ் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று போட்டுவிடுகிறது. நாம் பதறிப்போய் மூடி மறுபடி திறக்கிறோம், அதுவும் முதலிலிருந்து தட்ட ஆரம்பிக்கிறது.

சரி, எப்படி உள்ளே போவது? வைஃபையை அணைத்துவிட்டுத் திறங்கள். நெட்வொர்க்கே இல்லையென்றால் இணைப்பு அந்த இடத்திலேயே தோற்றுவிடும், காத்திருக்க ஒன்றுமில்லை, திரை வந்துவிடும். முதலில் அந்தப் பழைய கணக்கில் 'தொடங்கும்போது புதிய மெயிலைப் பார்' என்ற டிக்கை எடுங்கள். பழைய கடிதங்கள் வேண்டுமென்றால் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் லோக்கல் ஃபோல்டர்ஸில் நகல் எடுத்துவிட்டு, அப்புறம்தான் கணக்கை நீக்க வேண்டும். ஐமேப் கணக்கென்றால் ஏற்கெனவே முழுதாக இறங்கியவைதான் கைக்கு வரும்.

இதோடு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கோவில் கமிட்டி மாமா ஒருவர், "தம்பி, மெயில் போகவே மாட்டேங்குது" என்று காவடி அறிவிப்பை எல்லோருக்கும் இரண்டு தடவை அனுப்பிவிட்டார். மெயில் முதல் தடவையே போய்விட்டது. அவருடைய புதிய கணக்கு, அனுப்பிய கடிதத்தின் நகலைப் பழைய கணக்கின் 'சென்ட்' பெட்டியில் வைக்கப் போய் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். தண்டர்பேர்டின் கணக்கு அமைப்பில் 'காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்' பகுதியில் இதை மாற்றலாம். தண்டர்பேர்டில் அனுப்பும் சர்வர், அதாவது எஸ்எம்டிபி, தனிப் பட்டியலில் இருக்கும், அதையும் பாருங்கள்.

தொந்தரவு இல்லாவிட்டாலும் பழைய கணக்கை எடுத்துவிடுவதே நல்லது என்பேன். கைவிட்ட டொமைன் பெயரை, அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவதை, நாளைக்கு வேறு யாராவது வாங்கி, அது தன்னுடையதுதான் என்று காட்டும் முறையான சான்றிதழும் எடுத்துவிட்டால், உங்கள் ப்ரோகிராம் பத்து நிமிடத்துக்கொரு முறை போய் அவரிடம் பாஸ்வேர்டை நீட்டும். அதே பாஸ்வேர்டை வேறெங்காவது வைத்திருந்தால் அதையும் இன்றே மாற்றிவிடுங்கள்.