உளவியல் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்களா? முதலில் அந்த ஒன்பதாவது கேள்வியைப் படியுங்கள்

போன வெள்ளிக்கிழமை மாலை, துறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பும் நேரம். எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். கூகுள் ஃபார்மில் 143 பேர் பதில் அனுப்பியிருந்தார்கள். எக்செல் ஷீட்டில் 87ஆவது வரிசையைக் காட்டி, “மேம், இதைக் கொஞ்சம் பாருங்களேன்” என்றாள்.

அவள் எடுத்திருந்தது பி.எச்.க்யூ-9 என்ற, மனச்சோர்வை அளக்கும் கேள்விப் பட்டியல், எங்கள் பேச்சில் ஸ்கேல். அதன் கடைசியான ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் தோன்றியது என்று கேட்கும். அந்தக் கட்டத்தில் 3 என்று இருந்தது. ஏறக்குறைய தினமும் என்று பொருள். பதில் வந்து 19 நாள் ஆகியிருந்தது. பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை.

“ரகசியம் காக்கணும்னு நீங்கதானே மேம் சொன்னீங்க” என்று அழுதாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தலைப்புக்குக் கையெழுத்துப் போட்டதே எங்கள் துறைதான். ஃபார்ம் போன எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐயும் என் எண்ணையும் சேர்த்து அன்றிரவே செய்தி அனுப்பினோம். மூன்று பேர் கூப்பிட்டார்கள். அந்த 87ஆவது பிள்ளை அந்த மூவரில் உண்டா என்று எனக்கு இன்னும் தெரியாது.

இந்த ஆண்டு என் மேசைக்கு வந்த சினாப்சிஸில், அதாவது ப்ராஜெக்ட் திட்டச் சுருக்கங்களில், பாதிக்கு மேல் ஒரே தலைப்புதான்: கல்லூரி மாணவர்களின் மனச்சோர்வில் சமூக ஊடகத்தின் தாக்கம். ஏன் இதையே எடுக்கிறீர்கள் என்று கேட்டால், “ஸ்கேல் ரெடியா கிடைக்குது மேம், சாம்பிளும் ஈஸி” என்கிறார்கள். ஒரே நாளில், ஒரே ஃபார்மில் இரண்டு விஷயத்தையும் கேட்டுவிட்டுத் ‘தாக்கம்’ என்று எழுத முடியாது, எதனால் எது வந்தது என்று அதில் தெரியாது. இதை முதல் செமஸ்டரிலேயே படித்தாகிவிட்டது, மேலே விளக்கப் போவதில்லை.

ஆனால் ஸ்கேலில் வந்த எண்ணையே நோய் என்று நினைக்கிறார்களே, அதை மட்டும் என்னால் சும்மா விட முடியவில்லை. பி.எச்.க்யூ-9இல் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10 வந்தால் கவனிக்க வேண்டும் என்பார்கள். விடுதியில் டெங்குக் காய்ச்சல் வந்து தேறிவரும் ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் பரீட்சை. தூக்கம் சரியில்லை, 3. உடம்பில் தெம்பில்லை, 3. சாப்பாடு இறங்கவில்லை, 2. படித்தது மண்டையில் ஏறவில்லை, 2. கூட்டினால் 10 வந்துவிட்டது! மனம் சோர்ந்திருக்கிறதா, எதிலும் நாட்டமில்லையா என்று கேட்கும் முதல் இரண்டு கேள்விக்கும் அவன் போட்டது 0. அந்த இரண்டில் ஒன்றுகூட இல்லாமல் மனச்சோர்வு நோய் என்று எந்த மருத்துவரும் எழுத மாட்டார். தெர்மாமீட்டர் 102 காட்டினால் காய்ச்சல் என்று தெரியும், டைபாய்டா மலேரியாவா என்று அது சொல்லாது. இந்த ஸ்கேலும் அப்படித்தான். எதிரில் உட்காரவைத்து, எப்போதிருந்து, எதனால், வீட்டில் என்ன நிலைமை என்று பேசிப் பார்த்த பிறகுதான் நோயின் பெயரைச் சொல்ல முடியும். ஆனால் நம் பிள்ளைகள் 10க்கு மேல் வந்த எல்லோரையும் எண்ணி, இத்தனை சதவீதம் பேர் மனநோயாளிகள் என்று முடிவுரையில் எழுதி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு நீட்டுகிறார்கள். வயிறு எரிகிறது.

ஸ்கேலைக் கையாளும் விதமும் அப்படித்தான் இருக்கிறது. மனச்சோர்வை அளக்கும் இன்னொரு ஸ்கேலான பெக் ஸ்கேல் காப்புரிமை உள்ளது, காசு கொடுத்து வாங்க வேண்டியது. ஜெராக்ஸின் ஜெராக்ஸ்தான் துறைகளில் சுற்றுகிறது. அதே வகையான ஸங் ஸ்கேலில் மனச்சோர்வைக் குறிக்கும் ‘ப்ளூ’ என்ற சொல்லை ‘நீலமாக உணர்கிறேன்’ என்று மொழிபெயர்த்து, அதையும் அறுபது பேரிடம் நிரப்பி வாங்கி வந்த ஒரு ப்ராஜெக்டை வைவா என்ற வாய்மொழித் தேர்வில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டும். சிலர் தன் வீட்டுக் காயத்தையே தலைப்பாகக் கொண்டுவருவார்கள். குடியால் அப்பாவை இழந்து எட்டு மாதம்கூட ஆகாத ஒரு மாணவன், குடிநோயாளிகளின் குடும்பங்களைப் பேட்டி எடுக்கிறேன் என்றான். அந்த அக்கறை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மூன்றாவது வீட்டில் ஒரு சின்னப் பையன் வாய் திறந்தால் நீ உடைந்துபோவாய், அவனையும் தேற்ற முடியாது. இரண்டு வருடம் போகட்டும் தம்பி. அந்தத் தலைப்பு எங்கேயும் போய்விடாது.

சரி, வேறு எதை எடுப்பது? ஒரு வாரம் தலைப்பை மறந்துவிட்டு, கண்ணில் பட்டதை ஒரு நோட்டில் எழுதுங்கள். பெர்லினில் படித்த உளவியலாளர் ப்ளூமா ஸெய்கார்னிக், முடிந்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலை மனதில் தங்குகிறது என்று 1927இல் எழுதினார். உணவகத்தில் பணம் வாங்காத ஆர்டரை மறக்காத சர்வர்களைக் கவனித்ததில் அந்தக் கேள்வி பிறந்தது என்பார்கள். போன வருடம் டீக்கடைக்காரர் மகள் ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். “எங்கப்பாவும் அப்படித்தான் மேம். ரெண்டு ஸ்ட்ராங், ஒண்ணு சர்க்கரை கம்மி, ஒண்ணு பால் மட்டும்னு எட்டு பேர் சொன்னாலும் தப்பாது, கிளாஸைக் கொடுத்துட்டா மறந்துடுவார்” என்றாள். அதையே எடுத்தாள். 12 டீ மாஸ்டர்கள், 12 மாணவர்கள், ஒரே ஆர்டர் பட்டியல். எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் வைவாவில் எந்தக் கேள்விக்கும் அவள் திணறவில்லை, எல்லாம் அவளே நின்று பார்த்தது.

மனநலம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் எதிக்ஸ் கமிட்டிக்கு முதலிலேயே போங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் தொடாதீர்கள். ஒன்பதாவது கேள்வி இல்லாத பி.எச்.க்யூ-8 என்ற வடிவமே இருக்கிறது, அது போதுமா என்று கைடிடம் கேளுங்கள். அந்தக் கேள்வி வேண்டும் என்றால் நேரில் உட்கார்ந்து கேளுங்கள். ஆபத்தான பதில் வந்தால் யாரிடம் சொல்வீர்கள் என்பதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதுங்கள். பக்கத்து அறையில் கவுன்சலர் இருக்கட்டும். அன்றன்றைய பதிலை அன்றன்றே பாருங்கள்.

உங்கள் ஃபார்ம் இப்போதே குழுக்களில் ஓடிக்கொண்டிருக்கிறதா? தயவுசெய்து இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு முதலில் ஷீட்டைத் திறந்து ஒன்பதாவது கேள்வியின் பதில்களை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். 0 தவிர எது இருந்தாலும் ஃபார்மை நிறுத்திவிட்டு, எந்த நேரமானாலும் சரி, உங்கள் கைடைக் கூப்பிடுங்கள்.